லண்டனிலிருந்து சுவிஸுக்கு மின்சாரக் காரில்: எல்லாரும் கேட்கும் கேள்விகள்

பெற்றோல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் எடுத்த நாளிலிருந்து கலியாண வீடு, செத்த வீடு, பிறந்தநாள் என்று எங்கே போனாலும் எங்களுக்கு ஒரே விசாரணைதான். "இதிலயா சுவிஸ் போனீங்கள்? நடுவழியில நின்றா என்ன செய்வீங்கள்?" மூன்று தடவை போய் வந்துவிட்டோம், ஒரு தடவையும் நடுவழியில் நிற்கவில்லை, ஒரே ஒரு தடவை நிற்கப் பார்த்தோம், அதைக் கீழே சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதி அலுத்துப்போய்விட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

எங்கள் கார் கியா இ-நீரோ, பற்றரி 64 யூனிட். (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி.) புதுக் கார் இல்லை, வேகமாகச் சார்ஜ் ஏறும் காரும் இல்லை. உங்களுடையது இதைவிடப் புதிது என்றால் கீழே நான் சொல்லும் நேரங்களில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வார்த்தையில் சொல்லுங்கள், போகலாமா?

போகலாம். பற்றரி உங்களைக் கைவிடாது. கைவிடுவது பணம் கட்டும் ஆப், சிக்னல் இல்லாத போன், தவறான பிளக் இந்த மூன்றும்தான், மூன்றையுமே வீட்டை விட்டு வெளிக்கிட முதலே சரிபார்த்துவிடலாம். போனவர்களில் கஷ்டப்பட்டேன் என்று சொல்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை பெரும்பாலும் "ஆப் வேலை செய்யேல்ல" என்றுதான் தொடங்கும்.

ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும்?

கம்பனி சொல்வது 450 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். மோட்டர்வேயில் அதை மறந்துவிடுங்கள். ஐந்து பேர், பின்னால் நிறைந்த பெட்டிகள், மணிக்கு 120 என்றால் எங்கள் கார் 100 கிலோமீற்றருக்குச் சுமார் 20 யூனிட் குடிக்கும். அதாவது முழுப் பற்றரிக்கு 320, ஆனால் நீண்ட பயணத்தில் யாரும் முழுப் பற்றரியைப் பாவிப்பதில்லை. 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரைதான் உங்கள் உண்மையான பற்றரி, அது 45 யூனிட், அதில் 220 கிலோமீற்றர். வீட்டிலிருந்து கிளம்பும் முதல் ஓட்டம் மட்டும் விதிவிலக்கு, அதற்கு இரவே 100 வரை ஏற்றிவிடுவோம்.

கூரைப் பெட்டி போடாதீர்கள். போன வருசம் மச்சான் தந்தார் என்று கட்டிக்கொண்டு போனேன், எங்கள் காரில் செலவு 15 சதவீதம் வரை கூடியது. அதற்குள் இருந்தது பிள்ளைகளின் ஸ்கூட்டரும் இரண்டு தலையணையும்.

எந்தப் பாதை? எத்தனை தடவை நிற்கிறீர்கள்?

லண்டன், ஃபோக்ஸ்டன், சுரங்க ரயில், கலே. அங்கிருந்து A26-இல் றாம்ஸ் (ஆங்கிலேயர் ரீம்ஸ் என்பார்கள்), பிறகு A4-இல் மெற்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க், அங்கிருந்து தெற்கே பாசல், பெர்ன். மொத்தம் 1000 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. சார்ஜ் ஏற்ற நான்கு தடவை நிற்போம், ஒவ்வொன்றும் 30 இலிருந்து 45 நிமிடம், ஐந்தாவது தடவை இரவு ஹோட்டலில் தூங்கும்போது தானாக ஏறும்.

ஒரே நாளில் போகலாமா என்றால், போகலாம், 14 மணித்தியாலம் ஆகும். நாங்கள் முதல் தடவை அப்படித்தான் போனோம், பெர்னில் சித்தப்பா வீட்டுக் கதவைத் தட்டும்போது இரவு ஒரு மணி, சித்தி புட்டும் கறியும் சூடாக்கி வைத்துக்கொண்டு நித்திரை கொள்ளாமல் இருந்தார். அடுத்த தடவையிலிருந்து றாம்ஸில் ஓர் இரவு. கலேயிலிருந்து 270 கிலோமீற்றர்தான், பின்னேரம் போய் இறங்கி அந்தப் பெரிய தேவாலயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படுக்கலாம்.

சுரங்க ரயிலில் மின்சாரக் காரை ஏற்றுவார்களா?

ஏற்றுவார்கள். எல்பிஜி வாயுவில் ஓடும் கார்களைத்தான் ஏற்றமாட்டார்கள். 35 நிமிடப் பயணம், நீங்கள் காருக்குள்ளேயே இருக்கலாம். ரயிலுக்குள் சார்ஜ் ஏற்ற முடியாது, ஆனால் ஃபோக்ஸ்டனில் ரயிலேறும் வளாகத்துக்குள்ளேயே வேக சார்ஜர்கள் இருக்கின்றன. கொஞ்சம் முந்திப் போய் அங்கே செருகிவிட்டு, பிள்ளைகளை ரொய்லற்றுக்குக் கூட்டிப்போய் வந்தால் நேரம் வீணாகாது. பாஸ்போர்ட் பார்ப்பதெல்லாம் பிரெஞ்சுக்காரரும் இந்தக் கரையிலேயே செய்துவிடுவார்கள், மற்றப் பக்கம் இறங்கியதும் நேரே மோட்டர்வேதான். கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேண்டும். வலது பக்கம் ஓட வேண்டும் என்பதை மனுசியிடம் சொல்லிவையுங்கள், முதல் சுற்றுவட்டத்தில் கத்துவதற்கு ஆள் வேண்டும்.

அங்குள்ள பிளக் எங்கள் காருக்குப் பொருந்துமா?

பொருந்தும். இங்கிலாந்தில் பாவிக்கும் அதே சிசிஎஸ் வேகப் பிளக்தான் ஐரோப்பா முழுவதும், அதே டைப் 2 தான் மெதுவான சார்ஜுக்கும். வேக சார்ஜரில் கேபிள் அங்கேயே தொங்கும். ஊருக்குள்ளும் ஹோட்டல்களிலும் இருக்கும் மெதுவான தூண்களில் பெரும்பாலும் கேபிள் இருக்காது, உங்களுடையதைக் கொண்டுபோக வேண்டும். அதைப் பெட்டிகளுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள், மழையில் ஐந்து சூட்கேசையும் றோட்டில் இறக்கி வைத்து அதைத் தேடியவன் சொல்கிறேன்.

அந்தத் தூண்களில் 22 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் உங்கள் கார் 7 அல்லது 11 தான் வாங்குமென்றால் அவ்வளவுதான் ஏறும். எங்களுடையது 7. இரவு முழுக்க நிற்கப் போகிற இடத்தில் அது தாராளம்.

80 சதவீதத்தோடு நிறுத்து என்கிறார்களே, ஏன்? நிரப்பிக்கொண்டு போனால் நல்லதுதானே?

பெற்றோல் காலத்துப் பழக்கம் இது, எனக்கும் இருந்தது. பற்றரி வெறுமையாக இருக்கும்போது விழுங்கும், நிரம்ப நிரம்பக் கொறிக்கும். எங்கள் காரில் 10 இலிருந்து 80 வரை போக முக்கால் மணித்தியாலம், 80 இலிருந்து 100 வரை போக அதே அளவு நேரம் மறுபடி. அந்த நேரத்தில் அடுத்த சார்ஜருக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். பின்னால் காத்துக்கொண்டிருப்பவரின் முகத்தையும் பார்க்க வேண்டாம். அடுத்த சார்ஜர் உண்மையிலேயே தூரம், அல்லது பிள்ளைகள் இன்னும் சாப்பிட்டு முடியவில்லை, இந்த இரண்டுக்கு மட்டும்தான் நான் 80-ஐத் தாண்டுவேன்.

சில சார்ஜர்களில் ஏறி முடிந்த பிறகும் காரை எடுக்காமல் விட்டால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று தண்டம் போடுவார்கள், சாப்பாட்டு மேசையிலிருந்து போனை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக ஓட்டினால் நேரம் மிச்சம் என்கிறார்களே?

இதை எல்லாரும் சொல்வார்கள், நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரான்ஸ் மோட்டர்வேயில் எல்லை 130 (மழை பெய்தால் 110). காற்றின் இழுப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், 110-ஐவிட 130-இல் அது 40 சதவீதம் அதிகம். 200 கிலோமீற்றர் போக 130-இல் ஒன்றரை மணித்தியாலம், 110-இல் 17 நிமிடம் கூட. மிச்சமாகும் கரண்ட் எங்கள் காரில் ஒன்பது யூனிட் அளவில், அதை ஏற்ற ஒன்பது பத்து நிமிடம். ஆக, மெதுவாக ஓடியவனுக்கு நேரம் நட்டம்தான், பணம்தான் கொஞ்சம் மிச்சம்.

ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும்: மெதுவாக ஓடுவதால் ஒரு நிறுத்தம் முழுதாகக் குறைகிறது என்றால். மோட்டர்வேயை விட்டு இறங்கி, இடம் தேடி, ஆப் திறந்து, செருகி, மறுபடி ஏறுவது என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சார்ஜ் நேரத்துக்கு மேல் ஏழெட்டு நிமிடம் போகும். அதனால் நான் 115-120 இல் ஓடுகிறேன், அடுத்த சார்ஜருக்குச் சற்று இறுக்கமாக இருந்தால் 105-க்கு இறக்குவேன். லொறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் செலவு குறையும் என்று யாரோ வீடியோ போட்டிருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பணம் எப்படிக் கட்டுவது? எத்தனை ஆப் வேண்டும்?

முந்தி இதுதான் பெரிய தலையிடி. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் ஒன்று இருக்கிறது: 2024 ஏப்ரல் 13-க்குப் பிறகு புதிதாக வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொது சார்ஜர் எல்லாவற்றிலும் சாதாரண வங்கி அட்டையைக் காட்டிப் பணம் கட்ட வசதி இருக்க வேண்டும். முக்கிய நெடுஞ்சாலைகளில் உள்ள பழையவற்றுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். அதனால் பழைய சார்ஜர் ஒன்றில் மாட்டினால் ஆப்தான் கதி.

நான் வைத்திருப்பது: பல கம்பனிகளின் சார்ஜரிலும் வேலை செய்யும் ஒரு பொது அட்டை (எலெக்ட்ரோவேர்ஸ், ஷெல் ரீசார்ஜ், சார்ஜ்மேப் என்று சில இருக்கின்றன, ஏதாவது இரண்டு எடுங்கள்), டெஸ்லா ஆப், அயோனிட்டி (மோட்டர்வே வேக சார்ஜர் கம்பனி) ஆப். அட்டை பிளாஸ்டிக்கில் வீட்டுக்கு வர நாள் எடுக்கும், ஒரு மாதம் முந்தியே கேட்டுவிடுங்கள். போன் இருக்கும்போது பிளாஸ்டிக் அட்டை எதற்கு என்றால், சுவிஸில் நிலக்கீழ்த் தரிப்பிடங்களில் சிக்னல் இருக்காது. அதோடு சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, பல இங்கிலாந்து போன் கம்பனிகளின் ரோமிங் பொதியில் அது சேராது. எல்லை தாண்டியதும் டேட்டா நின்றுவிடும், அல்லது பில் வந்து நெஞ்சு நின்றுவிடும்.

ஆப்களை இறக்கினால் மட்டும் போதாது. அட்டை விபரம் போட்டு, வங்கி அனுப்பும் குறியீட்டையும் அடித்து, லண்டனிலேயே ஒரு சார்ஜரில் ஐந்து நிமிடம் செருகிப் பார்த்துவிட்டுப் போங்கள். பிரான்சில் ஒரு பெற்றோல் செட்டின் பின்பக்கம், இருட்டில், வங்கிக் குறியீடு அம்மாவின் பழைய நம்பருக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் இல்லை.

எங்கே நிற்பது என்பதை ஏபிஆர்பி என்கிற ஆப்பில் போட்டுப் பார்ப்பேன், உங்கள் காரின் மொடலைக் கொடுத்தால் அதுவே நிறுத்தங்களைப் போட்டுத் தரும். அதை அப்படியே நம்பமாட்டேன். குறைந்தது ஆறு சார்ஜர் உள்ள இடமாகத் தேர்வேன். இரண்டே இரண்டு உள்ள இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

டெஸ்லா சார்ஜரில் டெஸ்லா அல்லாத கார் ஏற்றலாமா?

பெரும்பாலான இடங்களில் ஏற்றலாம். 2021 நவம்பரில் நெதர்லாந்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி இப்போது ஐரோப்பாவில் நிறைய இடம் திறந்துவிட்டார்கள், எது திறந்தது என்று அவர்களின் ஆப்பில் தெரியும். டெஸ்லாக்காரரைவிட நமக்கு விலை கூட, மாதச் சந்தா எடுத்தால் குறையும், பயணம் முடிந்ததும் சந்தாவை வெட்டிவிடலாம்.

பிரச்சினை கேபிள் நீளம். பழைய தூண்களில் கேபிள் கட்டை, டெஸ்லாவின் இடது பின் மூலைக்கு என்று அளந்து வைத்தது. எங்களுக்குச் சார்ஜ் வாய் மூக்கில் இருப்பதால் நேரே உள்ளே விட்டு மூக்கைத் தூணில் முட்டும் அளவுக்குக் கொண்டுபோனால் எட்டும். வாய் இடது முன்பக்கமோ வலது பின்பக்கமோ உள்ள கார்கள் பக்கத்து இடத்தையும் பிடிக்க வேண்டி வரும், கூட்ட நேரத்தில் முறைப்பார்கள். இன்னொன்று, 800 வோல்ட் பற்றரி உள்ள சில புதுக் கார்கள் அந்தப் பழைய தூண்களில் தங்கள் முழு வேகத்தில் ஏற்றாது, அவர்களுக்கு அயோனிட்டி போன்றவைதான் சரி.

சார்ஜர் வேலை செய்யாவிட்டால்?

இதுதான் அந்த நிற்கப் பார்த்த கதை. இரண்டாவது தடவை, மெற்ஸுக்குக் கிட்ட, இரவு பத்து மணி, பற்றரி 11 சதவீதம். நான்கு சார்ஜர். இரண்டின் திரை கறுப்பு. மூன்றாவதில் செருகினேன், "தொடர்பு கொள்கிறது" என்று சுற்றிச் சுற்றி இரண்டு நிமிடத்தில் பிழை. நான்காவதில் ஒரு டச்சுக்காரர் 92 சதவீதத்தில் நிற்கிறார், ஆளைக் காணவில்லை. மகன் "அப்பா, எத்தனை வீதம்?" என்று அரை நிமிடத்துக்கு ஒருக்கால் கேட்கிறான். அம்மா பின் இருக்கையில் பிளாஸ்கைத் திறந்து எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார், ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

செய்தது இவ்வளவுதான். காரை நிறுத்தி, பூட்டி, திறந்து, பிளக்கைக் கழற்றி, இந்தத் தடவை கேபிளின் பாரத்தைக் கையால் தாங்கிக்கொண்டு பிளக்கை உள்ளே அழுத்திப் பிடித்தேன். பாரமான கேபிள் பிளக்கைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தால் முனைகள் சரியாகத் தொடாது. க்ளக் என்று பூட்டுச் சத்தம் கேட்கும் வரை பிடித்திருந்தேன். ஏறத் தொடங்கியது. அதுவும் சரிவராவிட்டால் தூணில் இருக்கும் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும், அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து சார்ஜரை அணைத்துப் போடுவார்கள், ஆங்கிலம் கதைப்பார்கள்.

கேபிள் வெளியே வராமல் மாட்டிக்கொண்டாலும் இதே வைத்தியம்தான்: முதலில் ஆப்பில் நிறுத்து, பிறகு காரைப் பூட்டித் திற, பிறகு இழு.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: எந்தச் சார்ஜருக்கும் 20 சதவீதத்தோடு போய்ச் சேர வேண்டும், அங்கிருந்து எட்டக்கூடிய இன்னொரு சார்ஜரின் பெயர் மனுசியின் போனில் இருக்க வேண்டும்.

சித்தப்பா வீட்டுச் சுவரில் செருகிவிடலாமா?

இது கனபேர் பிழை விடும் இடம். வீட்டுச் சொக்கெட்டில் செருகும் மெதுவான சார்ஜரைக் கொண்டுபோகிறீர்கள், அதில் இருப்பது இங்கிலாந்தின் மூன்று கால் பிளக். பிரான்ஸ், ஜெர்மனியில் வேறு, சுவிஸில் இன்னும் வேறு, மூன்று சின்ன உருண்டைக் கால். விமான நிலையத்தில் வாங்கும் பயண அடாப்டரை மாட்டி கார் சார்ஜ் ஏற்றாதீர்கள். அது போனுக்கும் ஷேவருக்கும் செய்தது. பத்து மணித்தியாலம் இடைவிடாமல் பத்து அம்பியர் போனால் உருகும், நெருப்பும் பிடிக்கலாம். சுவிஸ் வீட்டுச் சாதாரணச் சொக்கெட்டே 10 அம்பியருக்குத்தான் செய்தது, அதனால் சார்ஜரில் 8-க்குக் குறைத்து வைப்பது நல்லது. சுவிஸ் பிளக்கோடு உள்ள சார்ஜர் ஒன்றை அங்கேயே வாங்கலாம், நான் சித்தப்பா வீட்டுக் கீழ்நிலவறையில் ஒன்றை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொரு விசயம், நம்மவர்களில் பெரும்பாலானோர் அங்கே வாடகை அடுக்குமாடியில். கார் தரிப்பிடச் சுவரில் இருக்கும் சொக்கெட்டின் கரண்ட் யாருடைய கணக்கில் போகிறது என்று கட்டடப் பராமரிப்பாளரிடம் கேட்காமல் செருகினால், நீங்கள் லண்டன் போன பிறகு சித்தப்பாவுக்குக் கடிதம் வரும்.

இப்படி இரவு முழுக்க ஏற்றினால் 18 யூனிட் வரும், 90 கிலோமீற்றர். ஊர் சுற்ற அது போதும்.

அல்ப்ஸ் மலை ஏறுமா?

ஏறும், பெற்றோல் காரைவிடச் சுகமாக. கணக்கு இதுதான்: ஆட்களோடு இரண்டு தொன் வரும் கார் ஆயிரம் மீற்றர் உயர ஏற, ஓட்டத்துக்கான செலவுக்கு மேல் ஐந்தரை யூனிட் வேண்டும். ஏறும்போது சதவீதம் கண் முன்னே கரையும், பயப்படாதீர்கள், இறங்கும்போது மோட்டர் ஜெனரேட்டராகி அதில் பாதிக்கு மேல் திருப்பித் தரும். கொத்தார்ட் கணவாய் 2106 மீற்றர், அங்கிருந்து தெற்கே ஐரோலோவுக்கு இறங்க 900 மீற்றருக்கு மேல் இறக்கம். நாங்கள் இறங்கி முடிய பற்றரி மூன்று சதவீதம் கூடியிருந்தது, பிறேக்கில் கால் வைத்தது ஐந்தாறு தடவை. மகன் அதைப் படம் எடுத்து வகுப்பில் காட்டினான்.

மலை உச்சியிலோ மலை வீட்டிலோ தங்கினால் 100 வரை ஏற்றாதீர்கள். நிறைந்த பற்றரிக்குள் திரும்பி வரும் கரண்டுக்கு இடம் இல்லை, இறக்கத்தில் மோட்டர் பிடிக்காது, முழுப் பாரமும் பிறேக்குக்குத்தான். 80-85 போதும். பனிக்காலத்தில் கணவாய் மூடியிருக்கும், கீழே 17 கிலோமீற்றர் சுரங்கம்தான் பாதை.

டோல், ஸ்டிக்கர் எல்லாம் என்ன?

பிரான்சில் டோல். எங்கள் ஸ்டியரிங் வலது பக்கம், டிக்கற் இயந்திரம் இடது பக்கம். அதாவது பக்கத்தில் இருப்பவர் ஜன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டு எட்ட வேண்டும், பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். கண்ணாடியில் ஒட்டும் டோல் கருவியை முந்தியே வாங்கினால் தடுப்பு தானாகத் தூக்கும், அதைவிட நல்ல செலவு இந்தப் பயணத்தில் வேறு இல்லை.

சுவிஸில் மோட்டர்வேக்கு வருட ஸ்டிக்கர், 40 பிராங்க், ஒரு நாள் போனாலும் அதே விலை. 2023 ஆகஸ்ட் முதல் இணையத்தில் கார் இலக்கத்தைக் கொடுத்தே வாங்கலாம், ஒட்டத் தேவையில்லை. இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் தண்டம், ஸ்டிக்கர் காசும் கட்ட வேண்டும். சில பிரெஞ்சு நகரங்களுக்குள் போவதென்றால் கிரிட்ஏர் என்கிற மாசுத்தர ஸ்டிக்கர், மின்சாரக் காருக்குப் பச்சை, ஐந்து யூரோவுக்கும் குறைவு. அதை விற்கும் போலி இணையத்தளங்கள் நிறைய, அரசாங்கத் தளத்தில் மட்டும் வாங்குங்கள்.

சுவிஸில் பகலிலும் லைற் போட வேண்டும். வேகக் கமரா எச்சரிக்கையைப் போனிலும் காரிலும் அணைத்துவிடுங்கள், பிரான்சிலும் சுவிஸிலும் அது சட்டவிரோதம்.

என்னென்ன கடதாசி வேண்டும்?

லைசென்ஸ் அட்டை, காரின் பதிவுப் புத்தகம் (வி5சி) அசல், காப்புறுதி. லீஸ் கார் என்றால் பதிவுப் புத்தகம் உங்களிடம் இருக்காது, கம்பனியிடம் விஇ103 கடிதம் கேளுங்கள். பச்சைக் காப்புறுதி அட்டை இப்போது தேவையில்லை, ஆனால் உங்கள் முழுக் காப்புறுதி ஐரோப்பாவிலும் முழுதாகச் செல்லுமா, எத்தனை நாளுக்கு என்று கேட்டுப் பாருங்கள். பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021 செப்டெம்பர் 28-ஓடு செல்லாது, இலக்கத் தகட்டில் யூகே இல்லையென்றால் யூகே ஸ்டிக்கர். மஞ்சள் அங்கியும் முக்கோணமும் காரில் இருக்க வேண்டும், அங்கி டிக்கிக்குள் அல்ல, கை எட்டும் இடத்தில்.

இலங்கை, இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு இங்கிலாந்து விசா இருந்தாலும் ஷெங்கன் விசா தனியாக வேண்டும். இங்கிலாந்துப் பாஸ்போர்ட் என்றாலும் 2025 ஒக்டோபர் 12 முதல் கைரேகையும் படமும் எடுக்கும் புது முறை வந்திருக்கிறது, ரயிலுக்கு நேரம் விட்டுப் போங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

மட்டன் ரோல்ஸ், கோழிப் புரியாணி, தயிர்ச்சாதம் கூடாது. இங்கிலாந்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. திரும்பி வரும்போதும் 2025 ஏப்ரலிலிருந்து மாடு, ஆடு, பன்றி இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் தடை, சீஸ் வாங்கிக் குவிக்காதீர்கள். கறிவேப்பிலையும் மாம்பழமும் சான்றிதழ் இல்லாமல் போகாது. வாழைப்பழமும் தேங்காயும் போகும், ஏன் அது மட்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். நாங்கள் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுபோவோம், சார்ஜர் பக்கத்தில் புல்லில் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டு முடிய 75 சதவீதம்.

பெற்றோலைவிட மலிவா?

கொஞ்சம். ஒரு வழிக்கு 195 யூனிட் போகிறது, அதில் 60 வீட்டில் இரவு விலைக்கு ஏற்றியது. மிச்சம் 135 யூனிட், மோட்டர்வேயில் யூனிட் 60 சென்ற் என்று வைத்தால் 81 யூரோ. அதே தூரத்துக்குப் பெற்றோல் கார் 63 லீற்றர் குடிக்கும், லீற்றர் 1.75 என்றால் 110 யூரோ. சந்தா இல்லாமல், கண்ட கண்ட சார்ஜரில், அட்டையைக் காட்டி ஏற்றினால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும், கூடவும் வரலாம். மிச்சம் பிடிப்பது லண்டனில், வருசம் முழுக்க. சுவிஸ் பாதையில் அல்ல.

எப்போது போகக் கூடாது?

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. பிரான்ஸ் அரசாங்கத்தின் பிசோன் ஃபியூத்தே என்கிற போக்குவரத்து நாட்காட்டி பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நாள்களுக்கு நிறம் போடும். கறுப்பு நாளில் சார்ஜருக்கும் வரிசை, ரொய்லற்றுக்கும் வரிசை. செவ்வாய், புதனில் போங்கள். நத்தார் விடுமுறையில் போவதென்றால் குளிரில் ஓட்டத் தூரம் நாலில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், குளிர்ந்த பற்றரியில் சார்ஜும் சோம்பலாக ஏறும். புதிய கார்களில் அடுத்த சார்ஜரை காரின் வரைபடத்தில் போட்டால் போகும் வழியிலேயே பற்றரியைச் சூடாக்கிக்கொள்ளும்.

உண்மையாகவே நின்றுவிட்டால்?

பிரெஞ்சு மோட்டர்வேயில் உங்கள் பிறேக்டவுண் கம்பனியை முதலில் கூப்பிட்டுப் பயனில்லை, அங்கே அனுமதி பெற்றவர்கள் மட்டும்தான் இழுக்கலாம். அங்கியைப் போட்டுக்கொண்டு எல்லாரும் தடுப்புவேலிக்கு அப்பால் போய், செம்மஞ்சள் நிற அவசரத் தொலைபேசியில், அல்லது 112-இல் அழையுங்கள். மின்சாரக் கார் என்று சொல்லுங்கள், சில்லு உருள இழுக்கக் கூடாது, தட்டையான லொறியில் ஏற்ற வேண்டும்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலைப் போகிற வழியில் சேர்க்கலாமா?

பாரிஸ் இந்தப் பாதையில் இல்லை, சேர்த்தால் ஒரு நாள் கூடும். சேர்ப்பதென்றால் காரை நகருக்கு வெளியே சார்ஜர் உள்ள தரிப்பிடத்தில் செருகிவிட்டு மெட்ரோவில் போங்கள். லா சப்பலில் கார் விட இடம் தேடும் நேரத்தில் பெர்னுக்கே போய்விடலாம். ஆனால் ஜூனில் ஜெர்மனியில் ஹாம் காமாட்சி அம்மன் தேருக்குப் போகிறவர்களுக்கு மின்சாரக் கார் நல்ல பொருத்தம், கலேயிலிருந்து 500 கிலோமீற்றர் அளவுதான், இரண்டு நிறுத்தம். தேரன்று கோயிலடியில் கார் நிற்க இடமே பெரும்பாடு, முதல் நாளே வெளியே ஏற்றிக்கொண்டு போங்கள்.

எங்களிடம் இருப்பது பழைய நிசான் லீஃப், அதில் போகலாமா?

தம்பி ஒருவன் போன கிழமையும் கேட்டான். அதன் வேகப் பிளக் சாடெமோ, புதிய சார்ஜர் இடங்களில் அதை வைப்பது குறைந்துகொண்டே போகிறது, இருந்தாலும் ஒன்றுதான் இருக்கும். அதற்கு மேல் பற்றரியைக் குளிர்விக்கும் வசதியும் அதில் இல்லை, ஒரே நாளில் மூன்றாவது வேகச் சார்ஜில் சூடேறி ஆமை மாதிரி ஏறும். கலே வரை போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொன்னேன். சுவிஸுக்கு என் காரைத் தருகிறேன், கேபிள் டிக்கியில் இடது பக்கம் இருக்கு.